கூப்பிடும்போதே சொல்லிவிடு

ஜூன் 2, ஞாயிறு

நாளைக்கு ஆபீஸ் போய்விட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அந்தக் கதையைக் கேட்க ஆளில்லை. அதற்காகத்தான் எழுத ஆரம்பிக்கிறேன். டைரி ஆபீஸில் கொடுத்தது. கோலம் போட்டுப் பார்க்க என் மனைவி எடுத்துக்கொண்டாள். ஜனவரி முழுக்கப் புள்ளியும் கோடும்தான். ஜூன் காலியாக இருந்தது.

நடந்தது இதுதான். போன மாதம் ஒரு சாயங்காலம் மாடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனவள், பாதிப் படியில் உட்கார்ந்து, "ஏனுங்க, தலை ஒரு மாதிரி வலிக்குதுங்க" என்றாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்திருக்கிறது. ஆபரேஷன் பண்ணினார்கள். உயிர் தங்கிவிட்டது. அவள்தான் இன்னும் வரவில்லை.

இன்றைக்கு ஐ.சி.யூ.விலிருந்து வார்டுக்கு மாற்றினார்கள். தொண்டையில் துளை போட்டு ஒரு குழாய், மூக்கில் ஒரு குழாய். கண் அவ்வப்போது திறக்கிறது, ஆனால் எதையும் பார்ப்பதில்லை. நான் எதிரே போய் நின்றால் என்னைத் தாண்டிச் சுவரைப் பார்க்கிறது. எனக்கு அவளைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது. எதிரிலேயேதான் படுத்திருக்கிறாள், இருந்தாலும் பார்க்க வேண்டும்போல இருக்கிறது.

வீட்டுக்கு வந்து பால் காய்ச்சினேன். பொங்கிவிட்டது.

ஜூன் 3, திங்கள்

ஆபீஸ் போனேன். லீவு தீர்ந்துவிட்டது ஒரு காரணம். ஆஸ்பத்திரியில் காலையும் சாயங்காலமும்தான் உள்ளே விடுகிறார்கள், நடுவில் வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்க்க முடியாது என்பது இன்னொன்று.

என்ன வேலை என்று அவளிடம் சொல்வதுபோலவே எழுதுகிறேன். ஆனைமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. சொட்டுநீர்க் குழாயில் ஆங்காங்கே வால்வு. ஒவ்வொரு வால்வுக்கும் சோப்புப் பெட்டி அளவில் ஒரு பெட்டி மாட்டியிருக்கிறோம். உள்ளே சிம் உண்டு, பேட்டரி உண்டு, கரண்டு இணைப்பு கிடையாது. பேட்டரி வருஷக்கணக்கில் தாங்க வேண்டுமானால் பெட்டி சதா தூங்க வேண்டும். நடுநடுவே ஒரு கணம் மட்டும் காதைத் திறக்கும். என் பேரை யாராவது கூப்பிட்டார்களா? இல்லையென்றால் மறுபடி தூக்கம்.

கூப்பிட்டால் எழுந்து பதில் சொல்லும். டவர், நீ யார் என்று கேட்கும். சொல்லும். நீதான் என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்கும். காட்டும். அப்புறம் அதற்கென்று ஒரு பாதை ஒதுக்க வேண்டும், அதை அது ஒப்புக்கொள்ள வேண்டும். இவ்வளவும் முடிந்து நாம் சொல்லப் போவது ஒரே சொல்: திற. வாசலில் வரவேற்று, ஜமுக்காளம் விரித்து உட்கார வைத்து, காப்பி கொடுத்து, மணி என்னங்க என்று கேட்டு அனுப்பி வைக்கிற மாதிரி. பேட்டரியெல்லாம் மரியாதைக்கே செலவாகிவிடுகிறது.

எங்கள் வேலை, கூப்பிடும்போதே சொல்லிவிடுவது. பேரோடு சேர்த்து அந்தச் சொல்லையும் அனுப்பிவிட்டால் பெட்டி முழுசாக எழுந்திருக்கவே வேண்டாம். அரைத் தூக்கத்தில் கேட்டு, வால்வைத் திறந்துவிட்டு, மறுபடி படுத்துக்கொள்ளும். இடம்தான் சின்னது, நாலைந்து எழுத்துக்கு மேல் ஏறாது.

இதை ஏற்கெனவே ஒருதரம் அவளிடம் சொல்லியிருக்கிறேன். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, "நாலெழுத்துச் சொல்றதுக்கு முப்பது பேருக்குச் சம்பளமுங்களா" என்றாள். அன்றைக்குக் கோபம் வந்தது. இன்றைக்கு அந்த வாயைக் கேட்டால் போதும் என்று இருக்கிறது.

ஜூன் 5, புதன்

டாக்டரம்மா பேசினார். நல்லவர், அவசரக்காரர். விஷயத்தை மறைக்காமல் சொன்னார்.

ஆஸ்பத்திரியோடு சேர்ந்தே மறுவாழ்வு வார்டு இருக்கிறது. அங்கே போனால் கை கால் பயிற்சி, பேச்சுப் பயிற்சி எல்லாம் கொடுத்து முடிந்தவரை ஆளை மீட்பார்கள். படுக்கை குறைவு என்பதால் எல்லாரையும் எடுக்க மாட்டார்கள். சொன்னதைப் புரிந்துகொண்டு ஒரு காரியம், ஒரே ஒரு காரியம், செய்துகாட்ட வேண்டும். கையைத் தூக்கு என்றால் தூக்க வேண்டும். இருபத்தெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை கடைசியாகப் பார்ப்பார்கள். அதற்குள் ஒன்றும் இல்லையென்றால் மூக்குக் குழாயோடு வீட்டுக்குக் கூட்டிப் போய் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். "அதுக்கப்புறம் முன்னேற்றம் வர்றது கஷ்டம் சார்" என்றார்.

பேசிவிட்டுச் சோதித்தும் காட்டினார். தோளைத் தட்டி, "நாச்சம்மா, நாச்சம்மா, கண்ணத் தொறங்க, இங்க பாருங்க, நான் யாரு, இது எந்த இடம், என் கையப் பிடிங்க, விடுங்க." கண் திறந்தது. டாக்டர் மூன்றாவது கேள்விக்குப் போவதற்குள் மூடிவிட்டது.

ஜூன் 6, வியாழன்

நாச்சம்மாள் என்பது அவள் பேரே இல்லை. ஆதாரில் இருக்கிறது, பேங்க்கில் இருக்கிறது, இப்போது கட்டில் தலைமாட்டில் தொங்குகிற அட்டையிலும் இருக்கிறது. அந்தப் பேர் அவளுடைய அப்பாவைப் பெற்றவளுடையது. மாமியார் பேரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. பெற்ற பிள்ளைக்கு அதே பேரை வைத்துவிட்டால் என்ன சொல்லிக் கூப்பிடுவாள்? அவளுடைய அம்மா பாப்பாத்தி என்று கூப்பிட்டிருக்கிறாள். ஊர் முழுக்க அதுவே நிலைத்துவிட்டது. ரேஷன் கடையில் நாச்சம்மாள் என்று கூப்பிட்டால் பக்கத்தில் நிற்கிறவர்கள்தான் அவளை இடித்துச் சொல்லுவார்களாம்.

ஜான்சி சிஸ்டரிடம் இதைச் சொன்னேன். காலையில் டியூட்டி பார்க்கிற நர்ஸ். சிரித்துவிட்டு, அட்டையில் நாச்சம்மாளுக்குக் கீழே பேனாவால் பாப்பாத்தி என்று எழுதினார்.

நான் என்ன சொல்லிக் கூப்பிடுவேன் என்று கேட்டார். பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை என்றேன். நாலு பேர் இருந்தால் தொண்டையைச் செருமுவேன், அவள் திரும்பிவிடுவாள். "வீட்டுல தனியா இருக்கறப்ப?" என்றார்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

ஜூன் 8, சனி

ருக்மணி வந்தாள், அவளுடைய தங்கை, தாராபுரத்திலிருந்து. தூக்குப்போசியில் அரிசிம்பருப்புச் சாதம். வார்டுக்குள் நுழைந்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு காதோடு குனிந்து, "பாப்பாத்தி, நாந்தான் ருக்கு, எந்திரி பாப்பாத்தி" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம்.

புருவம் ஒருதரம் சுருங்கியது. ஈ உட்கார்ந்தால் சுருங்குமே, அந்த மாதிரி. அவ்வளவுதான்.

வராண்டாவுக்கு வந்து ருக்மணி கேட்டாள், "மாமா, நீங்க கூப்புட்டுப் பாத்தீங்களா?" பார்த்தேன் என்றேன். தொண்டையைச் செருமிப் பார்த்தேன், அது உண்மை.

ஜூன் 9, ஞாயிறு

துணி துவைத்தேன். அவளுடைய இரண்டு சேலை அன்றைக்கு மாடியில் காய்ந்தது, இன்னும் மடிக்காமலே கிடக்கிறது.

ஜூன் 11, செவ்வாய்

அடுப்பைப் பற்றி எழுத வேண்டும். இன்றைக்கும் பொங்கிவிட்டது.

எங்கள் வீட்டு அடுப்பில் இடப்பக்கம் அடைத்துப்போய் வருஷம் ஆகிறது. வலப்பக்கம் எரியும், ஆனால் குமிழில் பல் தேய்ந்திருக்கிறது. சும்மா திருப்பினால் சுற்றிக்கொண்டே இருக்கும், அணையாது. இரண்டு விரலும் கட்டைவிரலுமாகப் பிடித்து, உள்ளே அழுத்தி, ஒரு நெல் உயரத்துக்கு மேலே தூக்கி, அப்புறம் வலப்பக்கம் திருப்ப வேண்டும். அவளுக்கு அந்த நுணுக்கம் கைவந்துவிட்டது. எனக்கு வரவே இல்லை. ஒரு குமிழ் வாங்கி மாட்டக்கூடாதா என்று எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆகட்டும் என்பேன்.

ஆகவே எங்கள் வீட்டில் பால் காய்வது இப்படி. பாலை வைத்துவிட்டு, "பாத்துக்குங்க" என்று சொல்லி மாடிக்கோ வாசலுக்கோ போவாள். நான் போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பால் தளும்பும். நான் எழுந்திருக்க மாட்டேன், இருந்த இடத்திலிருந்தே அவளைக் கூப்பிட்டு, பால் பொங்குது என்பேன். அவள் எங்கே இருந்தாலும் திட்டிக்கொண்டே ஓடி வந்து, அழுத்தி, தூக்கி, திருப்பி அணைப்பாள். பாதிக்கு மேல் காப்பாற்றிவிடுவாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் இருந்த கூச்சலெல்லாம் இதுதான்.

இப்போது நான் ஓடிப்போய் சிலிண்டரிலேயே மூடுகிறேன். அதற்குள் வழிந்துவிடுகிறது.

ஜூன் 13, வியாழன்

சோதனை நன்றாகப் போகிறது. பேரோடு சேர்த்துச் சொல் அனுப்பினால் பேட்டரி முன்னைவிடப் பல மடங்கு தாங்கும்போலத் தெரிகிறது. ஒரு பெட்டி மட்டும் அசையவே இல்லை, தோப்பின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. எத்தனை தரம் கூப்பிட்டாலும் சத்தமில்லை. எங்கள் டீம் லீடர் கவின்மலர் என்னைவிட வயதில் சின்னவர், வேலையில் கறார். சத்தமாக அனுப்பிப் பாருங்க, திரும்பத் திரும்ப அனுப்புங்க என்றார். பண்ணினோம். தோப்புக்காரர் திருமூர்த்தி போன் பண்ணி, அந்த ஓரத்துக் கன்றெல்லாம் வாடுதுங்க என்றார்.

இந்த முறையில் ஒரு குறை உண்டு. பெட்டி எழுந்து பேசுவதில்லை, அதனால் கேட்டேன் என்று பதில் வராது. சொல்லை அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். தண்ணீர் வந்தால் கேட்டிருக்கிறது என்று அர்த்தம்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அவளுக்கு இதையெல்லாம் சொன்னேன். கண் மூடியிருந்தது. ஆனாலும் சொன்னேன்.

ஜூன் 16, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை என்பதால் காலையிலிருந்து உள்ளே இருக்க விட்டார்கள். முதுகு புண்ணாகாமல் இருக்க அவளை அடிக்கடி புரட்டிப் படுக்க வைக்கிறார்கள். நானும் ஒரு பக்கம் பிடித்தேன். எடை குறைந்துவிட்டாள். தலையைச் சிரைத்த இடத்தில் முடி முள் முள்ளாக வளர்கிறது, நரைத்து வளர்கிறது. சாயம் அடித்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியவே தெரியாது.

ஜான்சி சிஸ்டர் ஒன்று சொன்னார். புரட்டிப் போட்டதும் கொஞ்ச நேரம்தான் அம்மா வெளிச்சமா இருக்காங்க, நீங்க பேசறதானா அப்பப் பேசுங்க, கேள்வி மேல கேள்வி கேட்டா களைச்சுப் போயிடறாங்க என்றார். கவனித்தேன், சரிதான். புரட்டியதும் கண் திறக்கிறது, ஏதோ காத்திருக்கிற மாதிரி கொஞ்ச நேரம் இருக்கிறது, அப்புறம் மூடுகிறது. நீ யார், எந்த இடம் என்று விசாரிப்பதற்குள் அந்தக் கொஞ்ச நேரம் தீர்ந்துவிடுகிறது.

இதைப் படித்தால் என் மூஞ்சியைப் பார்த்துச் சிரிப்பாள். எங்கே போனாலும் ஆபீஸ் கூடவே வருதுங்களா என்பாள்.

ஜூன் 18, செவ்வாய்

காலையில் ஜீப்பில் தோப்புக்குப் போனோம், நானும் கவின்மலரும். மலைப்பக்கம் சாரல். திருமூர்த்தி இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

அசையாத பெட்டியைக் கழற்றிப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. அது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. என்ன நடந்தது என்றால், ஒவ்வொரு பெட்டிக்கும் பிறவிப் பேர் ஒன்று உண்டு, நீளமாக இருக்கும். அதைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. வலைக்குள் வந்ததும் டவர் அதற்குச் சின்னதாக ஒரு பேர் கொடுக்கும். அந்த இரண்டுக்கும் நடுவில் மட்டும் தெரிந்த பேர். தூங்குகிற பெட்டி அந்தச் சின்னப் பேருக்குத்தான் காது கொடுக்கும். ஜூன் முதல் வாரத்தில் நாங்களே இந்தப் பெட்டிக்குப் பேட்டரி மாற்றியிருக்கிறோம். அது புதுப் பேர் வாங்கிக்கொண்டது. எங்கள் கம்ப்யூட்டரோ பழைய பேரையே சொல்லிக் கத்திக்கொண்டிருந்திருக்கிறது.

பேரை மாற்றினேன். சாதாரணச் சத்தத்தில் ஒரே தரம் அனுப்பினோம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. கவின்மலர் என்னைப் பார்த்தார். அப்புறம் டக்கென்று ஒரு சத்தம், குழாய் நடுங்கியது, தென்னங்கன்று அடியில் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது.

எல்லாரும் கை குலுக்கினார்கள். நான் ஜீப்பில் போய் உட்கார்ந்துகொண்டேன். பொள்ளாச்சி தாண்டியதும் கவின்மலர், "சார், உடம்பு சரியில்லையா?" என்றார். கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்றேன். மழையில் என்ன தூசி.

ஜூன் 19, புதன்

எழுதிவிடுகிறேன். யார் படிக்கப் போகிறார்கள்.

பொண்ணு பார்க்கப் போனபோது காப்பித் தட்டோடு வந்தவள், கொடுத்துவிட்டு உள்ளே போகவில்லை. தூணோரம் நின்று என்னை விசாரித்தாள். எந்த ஊரு, தோட்டத்தில் கிணறு எத்தனை, தண்ணி எத்தனை மாசம் நிக்கும், பட்டா அப்பா பேர்லயா உங்க பேர்லயா. நான் கைகட்டிக்கொண்டு பதில் சொன்னேன். வெளியே வந்ததும் எங்கள் அப்பா, "பொண்ணு பாக்க வந்தமா, தாசில்தாரைப் பாக்க வந்தமா" என்றார். கல்யாணமான மறுநாள் வீட்டில் யாரும் இல்லாதபோது நான் அவளைத் தாசில்தாரே என்று கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்து, "என்னுங்க மனு?" என்றாள்.

அன்றையிலிருந்து அதுதான் பேர். நாலு சுவருக்குள் மட்டும். என் அம்மாவுக்குத் தெரியாது, ருக்மணிக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்று பால் பொங்கும்போதுகூடக் கொஞ்சம் தணித்துத்தான் கூப்பிடுவேன். அவளுக்கு மாடியில் கேட்டுவிடும்.

இதைச் சொல்லி இன்னும் கூப்பிட்டுப் பார்க்கவில்லை. வெட்கம் ஒரு காரணம். பக்கத்துக் கட்டில்காரர், சிஸ்டர்கள், கூட்டிப் பெருக்குகிறவர்கள், எப்போதும் யாராவது இருக்கிறார்கள். ஆனால் அது சும்மா சொல்லிக்கொள்வது. நிஜம் என்னவென்றால், பயம். நாச்சம்மாளுக்கு அவள் திரும்பவில்லை. அது அவள் பேரே இல்லை, அதனால் திரும்பவில்லை. பாப்பாத்திக்குத் திரும்பவில்லை. அது சின்ன வயசுப் பேர், போகட்டும். இதைச் சொல்லியும் திரும்பாவிட்டால்? அதற்கப்புறம் கூப்பிட என்னிடம் பேர் இல்லை. இப்போதாவது, இன்னும் ஒன்று இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏற முடிகிறது.

ஜூன் 21, வெள்ளி

இன்றைக்கும் கூப்பிடவில்லை. டாக்டரம்மா கூப்பிட்டார், அட்டையில் மேலே இருக்கிற பேரைச் சொல்லி.

ஜூன் 24, திங்கள்

சாயங்காலம் புரட்டிப் படுக்க வைத்தார்கள். சிஸ்டர் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் போனார். கண் திறந்தது. பக்கத்துக் கட்டில்காரர் குறட்டை. இதைவிடத் தோதான நேரம் வராது என்று தெரியும். குனிந்தேன். அவளுடைய காதோரத்தில் இன்னும் அவள் வாசனை இருக்கிறது, ஆஸ்பத்திரி மருந்தெல்லாம் தாண்டி. வாயைத் திறந்தேன்.

தலையணையைச் சரி பண்ணிவிட்டு வந்துவிட்டேன். கோழை.

ஜூன் 27, வியாழன்

நாளைக்கு வெள்ளி.

ருக்மணி வந்துவிட்டாள். அக்காவை வீட்டுக்குக் கூட்டி வர வேண்டியிருந்தால் எந்த அறையில் கட்டில் போடலாம் என்று அளந்துகொண்டிருந்தாள். நல்ல மனசோடுதான் அளக்கிறாள். ஆனாலும் எனக்குப் பொறுக்கவில்லை, கொஞ்சம் கடிந்து பேசிவிட்டேன். டேப்பைச் சுருட்டி வைத்தாள். அப்புறம் பால் வைத்தாள். அணைக்கத் தெரியாமல் குமிழைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். "எப்புடி மாமா அக்கா இதை அணைக்குது?" என்றாள். சொல்லிக் காட்டினேன். எனக்கும் வரவில்லை, அவளுக்கும் வரவில்லை. பால் முழுக்க வழிந்தது. இரண்டு பேரும் அடுப்பை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் ஒருத்தி இல்லாமல் ஒரு டம்ளர் பால் காய்ச்ச முடியவில்லை.

ஜூன் 28, வெள்ளி

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

டாக்டரம்மா வந்தார், கூட இரண்டு இளம் டாக்டர்கள். நான் முன்கூட்டியே ஜான்சி சிஸ்டரிடம் சொல்லிவைத்திருந்தேன், அவர்கள் வருகிற நேரம் பார்த்துப் புரட்டிப் படுக்க வைத்தார். கண் திறந்தது. டாக்டரம்மா ஆரம்பித்தார். "நாச்சம்மா, கேக்குதா, கையத் தூக்குங்க, விரலக் காட்டுங்க." இல்லை. ருக்மணி அழுகிற குரலில், "பாப்பாத்தி, கையத் தூக்கு" என்றாள். இல்லை. இளம் டாக்டர் எழுதிக்கொண்டார். அவர் என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியும்.

இமை கீழே வர ஆரம்பித்தது. எனக்கு அது தெரிந்த கணக்கு. காது மூடப் போகிறது, இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது. நீ யார், நான் யார் என்றெல்லாம் கேட்க நேரமில்லை. நாலைந்து எழுத்துக்குத்தான் இடம். எனக்கு வெட்கமும் போயிற்று, பயமும் போயிற்று. வீட்டுக் கூடத்திலிருந்து கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிட்டேன்.

"தாசில்தாரே, பால் பொங்குது."

வார்டே திரும்பிப் பார்த்தது. டாக்டரம்மா அட்டையைப் பார்த்து, "ஹவுஸ்வைஃப்னுதானே போட்டிருக்கு, தாசில்தாரா இருந்தாங்களா?" என்றார். அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இமை பாதியில் நின்றது. வேறொன்றும் இல்லை. டாக்டரம்மா என் தோளைத் தொட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். தோப்பில் டக்கென்ற சத்தத்துக்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றோம் என்று நினைத்துக்கொண்டேன். நகராமல் நின்றேன்.

ருக்மணிதான் முதலில் பார்த்தாள். "மாமா, கை" என்றாள்.

போர்வைமேல் கிடந்த வலக்கை. கட்டைவிரலும் இரண்டு விரலும் மெதுவாக ஒன்று சேர்ந்தன. போர்வையை அழுத்தின. ஒரு நெல் உயரம் மேலே எழுந்தன. வலப்பக்கம் திரும்பின.

ருக்மணி வாயைப் பொத்திக்கொண்டாள். ஜான்சி சிஸ்டர் டாக்டரம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். தானாக வருகிற அசைவாக இருக்கலாம், எதற்கு இப்படித் திருப்புகிறார்கள் என்று டாக்டரம்மா கேட்டார்.

"அடுப்பை அணைக்கறாளுங்க" என்றேன்.

மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து விரல் சேர்ந்தது, அழுத்தியது, தூக்கியது, திருப்பியது. எங்கள் வீட்டுக் குமிழ் எப்படி என்று நான் சொல்லச் சொல்ல, இளம் டாக்டர் முதலில் எழுதியதை அடித்துவிட்டு எழுதினார். டாக்டரம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, திங்கட்கிழமை மறுவாழ்வு வார்டுக்கு மாற்றிவிடலாம் என்றார்.

எல்லாரும் போன பிறகு அவள் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். கண் மூடிவிட்டாள், களைப்பு. அணைத்துவிட்டாய், போதும், தூங்கு தாசில்தாரே என்றேன். பக்கத்துக் கட்டில்காரர் எந்தத் தாலுக்காங்க என்று கேட்டார். எங்க வீட்டுத் தாலுக்காங்க என்றேன்.

ஜூன் 30, ஞாயிறு

துணியை மடித்து வைத்தேன், அந்த இரண்டு சேலையையும். நாளைக்கு வார்டு மாற்றுகிறார்கள். எழுந்து நடக்க எத்தனை மாதமாகும், பேச்சு எவ்வளவு வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. சாயங்காலம் ஒரே தரம் கூப்பிட்டேன், பால் இல்லாமல், வெறும் பேரை மட்டும். என் பக்கம் கண் வந்தது. சுவருக்குப் போகவில்லை, என்மேல்தான் நின்றது. என்னுங்க மனு என்று கேட்கிற மாதிரி இருந்தது. எனக்கு ஒரே மனுதான், வீட்டுக்கு வா என்றேன்.

வரும் வழியில் பாத்திரக் கடையில் நிறுத்தினேன். எங்கள் அடுப்புக்குப் பொருந்துகிற குமிழ் இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் தேடி எடுத்துத் துடைத்து மேஜைமேல் வைத்தார். சரியான அளவுதான். கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, இப்போதைக்கு வேண்டாம் என்று வந்துவிட்டேன்.